பதினேழாம் தடமும் திருமுழுக்குப் பதிவேடும்

பெர்லின் மாநகரின் மேற்குப் பகுதியில் ஏரிகளும் மரச்சோலைகளும் சூழ்ந்த குடியிருப்பு ஒன்று உண்டு. கிரூனவால்ட் என்பது அதன் பெயர். பசுங்காடு என்பது அதன் பொருள். இறையியல் பயில்வோர்க்கு இப்பகுதி முற்றிலும் அந்நியமன்று. டீட்ரிக் போன்ஹோஃபர் சிறுவயது முதல் வளர்ந்த வீடு இங்குதான் இருந்தது. மார்ட்டின் நீமோலர் ஆயராகப் பணியாற்றிய டாலெம் சபையும் இதற்கு அண்மையிலேயே உள்ளது. ஹிட்லரின் ஆட்சிக்குத் தலைவணங்க மறுத்த திருச்சபையின் கதையைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்து வந்த நாம், சில ஆண்டுகளுக்கு முன் அந்நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, அக்கதை நிகழ்ந்த இடங்களைக் காணவே புறப்பட்டோம். ஆனால் கிரூனவால்ட் ரயில் நிலையம், நாம் கற்பித்த கதையில் விட்டுப்போன ஒரு பகுதியை நமக்குக் காட்டியது. அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தடத்தில் எழுதப்பட்டவை

அந்நிலையத்தில் நகர ரயில்கள் இன்றும் நின்று செல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் இறங்குகின்றனர், ஏறுகின்றனர். நடைமேடைகளை இணைக்கும் சுரங்கப் பாதையில் 'தடம் 17' என்று ஒரு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. அது காட்டும் படிகளில் ஏறினால் ரயில் வராத ஒரு நடைமேடையை அடைகிறோம். அதன் இரு விளிம்புகளிலும் வார்ப்பு எஃகுத் தகடுகள் கால வரிசைப்படி பதிக்கப்பட்டுள்ளன. அவை 186. ஒவ்வொன்றின் ஓரத்திலும் காணப்படுபவை நான்கே செய்திகள்: நாள், ஏற்றி அனுப்பப்பட்ட யூதரின் எண்ணிக்கை, புறப்பட்ட ஊர், சேரும் ஊர். ஒரு பெயரும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. தண்டவாளங்களுக்கிடையே முளைத்து வளர்ந்த மரங்களை வெட்டாமல் விட்டிருக்கின்றனர். இத்தடத்திலிருந்து இனி எந்த வண்டியும் புறப்படாது என்பதற்கு அம்மரங்களே சாட்சி.

முதல் தகட்டில் உள்ள நாள் 1941 அக்டோபர் 18. இறுதித் தகட்டில் உள்ளது 1945 மார்ச் 27. தொடக்கத்தில் ஆயிரம் அளவான எண்கள் வருகின்றன. பின்னர் முதியோரைத் தெரேசியன்ஷ்டாட் என்னும் முகாமுக்கு அனுப்பிய வண்டிகள் வருகின்றன; அவற்றில் 100 என்னும் எண் திரும்பத் திரும்ப வருகிறது. நடந்துகொண்டே வாசிக்கும்போது கண்கள் பழகிவிடுகின்றன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நூறாவது தகட்டை அடையுமுன்பே நாம் எண்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் பார்க்கத் தொடங்கியிருந்தோம். இறுதித் தகட்டின் எண்ணிக்கையோ ஒரு சிறு வகுப்பறையில் அடங்கக்கூடியது. அவ்வேளையில் சோவியத் படை பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் ஆற்றங்கரையில் நின்றது. நகரம் வீழ ஐந்து வாரங்களே எஞ்சியிருந்தன. அப்போதும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது; அப்போதும் ஒரு வண்டி ஒதுக்கப்பட்டது.

2. எவ்வாறு நிகழ்ந்தது

1933இல் ஏறக்குறைய 1,60,000 யூதர் பெர்லினில் வாழ்ந்தனர். பலர் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியோருள் 50,000க்கும் மேற்பட்டோர் 1941 முதல் 1945 வரை நாடு கடத்தப்பட்டனர். வண்டிகள் கிரூனவால்டிலிருந்து மட்டுமின்றி மோவாபிட் சரக்கு நிலையத்திலிருந்தும் அன்ஹால்ட் நிலையத்திலிருந்தும் புறப்பட்டன. இத்தடத்தின் தகடுகள் அவை அனைத்தையும் ஒருங்கே நினைவுகூர்கின்றன.

முறைமை யாவும் அலுவலக ஒழுங்கின்படியே நடைபெற்றது. நாடு கடத்தப்படுவோர் முதலில் தம் உடைமைகள் அனைத்தையும் 16 பக்கப் படிவமொன்றில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1941 நவம்பர் 25 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, அவர்கள் நாட்டின் எல்லையைக் கடந்தவுடன் அவ்வுடைமைகள் அரசுக்கு உரியனவாயின. லெவெட்சோ தெருவிலிருந்த பெரிய யூத ஜெப ஆலயம் அவர்களை அடைத்து வைக்கும் இடமாக மாற்றப்பட்டது. 1941 அக்டோபர் 18 ஓய்வுநாளாகிய சனிக்கிழமை. அன்று அவர்கள் அவ்வாலயத்திலிருந்து நகரத் தெருக்களின் வழியே கிரூனவால்டுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ரயில்வே நிர்வாகம் இவர்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைக் கிலோமீட்டர்க் கணக்கில் அரசிடம் வசூலித்தது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். நானூறு பேருக்கு மேற்பட்டால் கூட்டப் பயணச் சலுகை உண்டு.

முதல் வண்டிகள் போலந்தின் லோட்ஸ் நகருக்குச் சென்றன. பின்னர் மின்ஸ்க், கௌனஸ், ரீகா ஆகிய ஊர்களுக்குச் சென்றன. 1942இலிருந்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு நேரே அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 17,000 பேர். இவற்றுள் 1941 நவம்பர் 27 அன்று ரீகாவுக்குப் புறப்பட்ட வண்டியை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நவம்பர் 30 காலையில் அவர்கள் ரீகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை நாட்காட்டியில் அது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பெர்லினின் ஆலயங்களில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்ட காலை அது.

3. அரசுக்கு எவ்வாறு தெரிந்தது

இத்தடத்தில் நின்றபோது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. யார் யூதர் என்பதை அரசு எவ்வாறு அறிந்தது? ஜெப ஆலயங்களைச் சார்ந்து வாழ்ந்தோரின் பட்டியல்கள் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராய், ஜெர்மானியராய் வாழ்ந்த குடும்பங்களை எவ்வாறு கண்டுபிடித்தனர்? விடையை அறிய வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அவ்விடை குருமனையின் அலமாரியில் இருந்தது.

1933 ஏப்ரல் 7 அன்று அரசு ஊழியர் சட்டம் பிறந்தது. ஆரியர் அல்லாதோர் அரசுப் பணியினின்று நீக்கப்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதராயிருப்பினும் ஒருவர் ஆரியர் அல்லர் என்று அதற்கான விளக்கவிதி வரையறுத்தது. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் வந்தபின் ஆரியச் சான்று ஏறத்தாழ எல்லோருக்கும் தேவைப்பட்டது. பாட்டன் பாட்டியரின் பிறப்பை எவ்வாறு நிறுவுவது? பிரஷியாவில் அரசின் பிறப்புப் பதிவு 1874இல்தான் தொடங்கியது. நாடு முழுவதிலும் 1876இல் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்துக்குச் சான்றாக இருந்தவை திருச்சபையின் பதிவேடுகளே. எனவே நாடெங்கும் ஆயர்களும் சபை எழுத்தர்களும் பழைய பதிவேடுகளைத் திறந்து, நகல் எடுத்து, முத்திரையிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தனர். இது சிலர் செய்த செயலன்று. அன்றாட அலுவலாகவே நிகழ்ந்தது.

பெர்லினில் இது மேலும் ஒரு படி சென்றது. லூயிசன்ஷ்டாட் ஆலயத்தின் குருவானவராகிய கார்ல் தேமெல் என்பவரின் பொறுப்பில் 1936இல் பழைய பெர்லினின் சபைப் பதிவேட்டு அலுவலகம் நிறுவப்பட்டது. நகரச் சபைகள் பலவற்றின் பதிவேடுகள் அங்குத் திரட்டப்பட்டு அட்டைகளாகப் பெயர்த்தெழுதப்பட்டன. திருமுழுக்குப் பெற்ற யூதர்க்கென்று தனி அட்டைகள் தயாரிக்கப்பட்டன. அவற்றிலிருந்து தகவல்கள் அரசின் வம்சாவளி அலுவலகத்துக்குச் சென்றன. இவ்வேலையைச் செய்தது இரகசியக் காவல்துறையன்று, திருச்சபை என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். போர் முடிந்தபின் தேமெல் மீண்டும் திருச்சபைப் பணியில் இடம் பெற்றார்.

ஈண்டு இறையியலுக்குரிய ஒரு சிக்கல் உண்டு. 1935இல் நகல் எழுதிக் கொடுத்த ஓர் ஆயரை நிறுத்தி வினவினால் அவர் என்ன கூறியிருப்பார்? நான் பொய் எழுதவில்லை. பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன் என்று கூறியிருப்பார். அது உண்மையே. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளையை அவர் எழுத்தளவில் மீறவில்லை. ஆனால் அந்நகலில் எழுதப்பட்டது எது? இன்னார் இன்ன நாளில் கிறிஸ்துவின் உடலோடு இணைக்கப்பட்டார் என்பதே. அருளின் செயலைக் குறித்து வைத்த ஏடு, அவ்வருளைப் பெற்றவரை வேறுபடுத்திக் காட்டும் ஏடாகிவிட்டது. அதைச் செய்தவர் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மெய்யான சான்று ஒன்றைத் தீய நோக்கத்தோடு கேட்போர்க்குக் கொடுப்பது மெய் பேசுதலாகுமா? இக்கேள்விக்கு நம் ஒழுக்கவியல் பாடத்தில் இடம் அளிக்க வேண்டும்.

4. மாமன்றங்கள் சொன்னவையும் சொல்லாதவையும்

பழைய பிரஷிய ஐக்கியத் திருச்சபையின் பொது மாமன்றம் 1933 செப்டம்பரில் ஆரிய விதியைத் திருச்சபை ஊழியர்க்கும் ஏற்றுக்கொண்டது. இதனை எதிர்த்தே நீமோலர் ஆயர்களின் அவசரகாலக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். அதிலிருந்து அறிக்கைத் திருச்சபை வளர்ந்தது. 1934 மே மாத இறுதியில் பார்மனில் வெளியான ஆறு கூற்றுகளை நம் மாணவர் அனைவரும் அறிவர். கிறிஸ்து ஒருவரே கடவுளின் வார்த்தை என்னும் அவ்வறிக்கையின் மையத்தை நாம் இன்றும் நன்றியோடு கற்பிக்கிறோம். ஆயினும் அவ்வாறு கூற்றுகளிலும் யூதர் என்னும் சொல் இல்லை. அவ்வறிக்கையின் முதன்மை ஆசிரியராகிய கார்ல் பார்த் இதனைத் தம் குறையென 1967இல் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

1941 செப்டம்பர் 19 முதல் யூதர் என்று வகுக்கப்பட்டோர் மஞ்சள் விண்மீன் அணிய வேண்டியதாயிற்று. திருமுழுக்குப் பெற்றோருக்கும் விலக்கில்லை. ஞாயிறு ஆராதனைக்கு விண்மீனோடு வருவோரை என்ன செய்வது, திருவிருந்தில் அவர்கள் அருகே யார் முழங்காற்படியிடுவது என்னும் வினாக்கள் சபைகளில் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று சாக்சனி, துரிஞ்சியா, மெக்லென்பர்க் உள்ளிட்ட ஏழு மாநிலத் திருச்சபைகள், யூத வழிவந்த கிறிஸ்தவர்க்குத் தம் சபையில் இடமில்லை என்று அறிவித்தன. டிசம்பர் 22 அன்று ஜெர்மன் புராட்டஸ்டண்டு திருச்சபையின் தலைமை அலுவலகம், அவர்கள் சபை வாழ்விலிருந்து விலகியிருக்க ஏற்பாடு செய்யுமாறு சுற்றறிக்கை அனுப்பியது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மூன்று நாட்களே இருந்தன. ரீகாவுக்குச் சென்றோர் கொல்லப்பட்டு மூன்று வாரங்கள் கடந்திருந்தன.

5. கேட்டவர்கள்

கேள்வி கேட்டோர் ஒருவரும் இலர் என்று கூறுவது நியாயமன்று. பெர்லினில் பள்ளி ஆசிரியையாயிருந்த முனைவர் எலிசபெத் ஷ்மிட்ஸ், 1935இல் யூதரும் யூத வழிவந்தோரும் படும் துயரை விரிவாக ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். அறிக்கைத் திருச்சபையின் மாமன்றம் அதனைக் கருத்தில் கொள்ளும் என்று நம்பினார். அது விவாதிக்கப்படவில்லை. 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டபின், அவ்வரசின்கீழ்க் கற்பிக்க மனச்சான்று இடங்கொடாமையால் அவர் பணியைத் துறந்தார். 1977இல் அவர் மறைந்தபோது அடக்க ஆராதனைக்கு வந்தோர் மிகச் சிலரே. அவ்வறிக்கையின் ஆசிரியர் இவரே என்பது 1999இல்தான் உறுதியாயிற்று. அதுவரை அது வேறொருவர் பெயரில் வழங்கி வந்தது.

பிரெஸ்லாவு நகரின் உதவிப் போதகராகிய கதரீனா ஷ்டாரிட்ஸ் அம்மையார், விண்மீன் அணிந்து வருவோரை அன்போடு ஏற்றுக்கொள்ளுமாறு 1941 செப்டம்பரில் உடன் ஊழியர்க்குச் சுற்றுமடல் அனுப்பினார். திருச்சபை அவரைப் பணியினின்று நிறுத்தியது. அரசு அவரை ராவன்ஸ்புரூக் முகாமில் அடைத்தது. பெர்லினின் ஹைன்ரிக் குரூபர் ஐயர் 1938இல் ஓர் அலுவலகம் தொடங்கி, யூத வழிவந்த கிறிஸ்தவர் பலர் வெளிநாடு செல்ல உதவினார். 1940 டிசம்பரில் அவர் கைதானார். அவருக்குத் துணைநின்ற வெர்னர் சில்ட்டன் ஐயர் 1942இல் கொல்லப்பட்டார். போன்ஹோஃபரும் சட்ட அறிஞர் பெரெல்சும் முதல் வண்டிகள் புறப்பட்ட சில நாட்களுக்குள் நாடு கடத்தலைப் பற்றிய அறிக்கைகளை எழுதி, எதிர்ப்பியக்கத்தாரிடம் சேர்த்தனர். அவ்விருவரும் 1945 ஏப்ரலில் கொல்லப்பட்டனர்.

இவர்களை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் இவர்களை மட்டுமே கற்பிப்பதால் ஒரு தீங்கு விளைகிறது. கேட்பவர் ஒவ்வொருவரும் தம்மைப் போன்ஹோஃபரின் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். அலமாரியைத் திறந்து நகல் எழுதிய ஆயரின் இடத்தில் தம்மை நிறுத்திப் பார்ப்பவர் எவருமில்லை. நாமும் இத்தனை ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தோம்.

6. ஸ்லீப்பர் கட்டைகள்

முதல் வண்டி புறப்பட்டு நான்கு ஆண்டுகள் நிறைந்த மறுநாள், அதாவது 1945 அக்டோபர் 19 அன்று, ஜெர்மன் புராட்டஸ்டண்டு திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் தம் குற்றத்தை அறிக்கையிட்டனர். அதிலும் யூதரைப் பற்றிய குறிப்பு இல்லை. 1950 ஏப்ரலில் பெர்லின் வைசன்சேயில் கூடிய மாமன்றமே, செய்யத் தவறியதாலும் மௌனத்தாலும் தாங்களும் அக்குற்றத்தில் பங்காளிகளானதை வெளிப்படையாகச் சொன்னது.

கிரூனவால்டில் நாம் காணும் மூன்று பெரிய சின்னங்களுள் காலத்தால் முந்தியதை அமைத்தது அரசுமன்று, ரயில்வே நிறுவனமுமன்று. அவ்வூர்ப் புராட்டஸ்டண்டு சபையைச் சார்ந்த பெண்கள் குழு ஒன்று 1987 அக்டோபர் 18 அன்று பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் கொணர்ந்து நிறுத்தி, முதல் வண்டி புறப்பட்ட நாளைக் குறித்து வைத்தது. 1991 அக்டோபர் 18 அன்று போலந்துச் சிற்பி கரோல் புரோனியாடோவ்ஸ்கி வடித்த 18 மீட்டர் நீளக் கான்கிரீட் சுவர் திறந்து வைக்கப்பட்டது. அதில் நடந்து செல்லும் மாந்தரின் உருவங்கள் குடைவுகளாக, வெற்றிடங்களாகவே உள்ளன. எஃகுத் தகடுகளை 1998 ஜனவரி 27 அன்று ஜெர்மன் ரயில்வே நிறுவனம் அமைத்தது. தன் முன்னோடி நிறுவனம் செய்ததற்கு அது இவ்வாறு பொறுப்பேற்றது. இவ்வரிசையில் சபைப் பெண்கள் முந்திக்கொண்டது நமக்கு ஆறுதலளிக்கிறது. எனினும் 46 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. பெர்லின் சபைகள் சிலவற்றின் உறுப்பினர் அண்மைக் காலத்தில் தம் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை மீண்டும் திறந்தனர். முன்னர்ப் பிரித்துக் காட்டுவதற்காகத் தேடப்பட்ட அதே பெயர்களை, இம்முறை நினைவுகூர்வதற்காகத் தேடினர். திருமுழுக்குப் பெற்றும் யூதர் என்று துன்புறுத்தப்பட்ட தம் சபையாரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 2008இல் நூலாக வெளியிட்டனர். தகடுகளில் எண்களாக நிற்போருள் சிலர், இவ்வாறு தம் சபையாரிடையே பெயர் பெற்றுத் திரும்பினர்.

7. நம் கையிலுள்ள பதிவேடு

ஜெர்மானியத் திருச்சபையின் இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அத்திருச்சபையின் மகனே. பதிவேடு எழுதும் ஒழுங்கையும் நாம் அத்தகைய மிஷனெரிமாரிடமிருந்தே பெற்றோம். நம் குருமனைகளில் ஞானஸ்நான ரிஜிஸ்டர் என்று வழங்கும் நீண்ட ஏட்டை அறியாத ஊழியர் இலர். நாம் சேகரப் பணியிலிருந்த ஆண்டுகளில் அதிலிருந்து எத்தனையோ நகல்களை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். பள்ளிக்கென்று கேட்டனர், வேலைக்கென்று கேட்டனர், சில வேளைகளில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து பட்டியலாகவும் கேட்டனர். எதற்காக என்று நாம் ஒருமுறையேனும் திருப்பிக் கேட்டதாக நினைவில்லை. தீங்கு ஒன்றும் விளையவில்லை என்றே நம்புகிறோம். ஆனால் தீங்கு விளையாதிருந்தது நம் விழிப்பினால் அன்று.

தாவீது மக்களைத் தொகையிட்ட செயலைத் திருமறை ஏன் பாவமாகக் கருதுகிறது என்று மாணவர் நம்மிடம் வினவுவதுண்டு. எண்ணுதல் தன்னிலே பாவமன்று. எண்ணப்படுவோர் யாருக்கு உரியோர் என்பதை மறந்து எண்ணுதலே பாவம் என்று விடையளிப்போம். கிரூனவால்டின் நடைமேடையில் அவ்விடையின் முழுப் பொருளை உணர்ந்தோம். நல்லாயன் தம் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறார். ஆயரின் கையில் பெயர்கள் கொடுக்கப்பட்டிருப்பது அவர்களைக் காப்பதற்கே. பெயர்களைக் கேட்டு வருவோரிடம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று வினவுவது மரியாதைக் குறைவன்று. அது ஆயர் பணியின் ஒரு பகுதி.

ஆகவே மேய்ப்புப் பணிப் பாடத்தில் பதிவேடு எழுதும் முறையைக் கற்பிக்கும் வேளையில், இனி இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிக்க நாம் முடிவு செய்துள்ளோம். பார்மனின் ஆறு கூற்றுகளை ஒப்பிக்கும் மாணவர், அதே ஆண்டுகளில் குருமனையின் மேசைமேல் நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். உடன் ஊழியராகிய வாசகர்களும் தத்தம் சபையின் ஏட்டை அடுத்த முறை திறக்கும்போது, ஒரு கணம் எழுதுகோலைக் கீழே வைத்து, அதிலுள்ள பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.